பதினேழு நிமிடம்

ஏரிக்கு முதுகு காட்டி நிற்கிறது மருத்துவமனை.
உள்ளே போக இரண்டு கதவு:
ஒன்று பூட்டிக்கொண்ட பிறகுதான்
மற்றது திறக்கும்.

அங்கீகாரக் குழு எந்த வாரமும் வரலாம்.
சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள்.
காலை எட்டுக்கு வாசலில் நின்று
பனிச் சப்பாத்தைத் தட்டுவார்கள்.
அதற்கு முன்னால்
அவர்களைப் போல் நடித்துக் காட்டுவது
என் பிழைப்பு.

முதல் நாள் முழுக்கச் சுவர்களைப் படித்தேன்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.
எதுவும் தங்காதபடி சரிந்த கதவுக்குமிழ்.
சட்டமில்லாமல் சுவரிலேயே தீட்டிய மலை.
குப்பைக்கூடைக்குக் காகிதப் பை.
திரைச்சீலையைப் பிடித்திருப்பது காந்தம்,
இழுத்தால் கையோடு வந்துவிடும்.
ஒரு வீட்டை வீடாக்குகிற ஒவ்வொன்றையும்
கழற்றி எடுத்துவிட்டு
இங்கே குணமாகு என்கிறோம்.
சரியாகத்தான் கழற்றியிருந்தார்கள்.
பச்சைப் பேனாவால் குறித்துக்கொண்டேன்.

கூடத்தில் ஆயிரம் துண்டுப் புதிர் ஒன்றை
அடுக்கிக்கொண்டிருந்த மார்கரீட் டெரகோன் கேட்டாள்:
"என்ன தேடறீங்க?"
ஆபத்தை, என்றேன்.
"ஓ," என்றாள், "சுவத்துலயா?"

பிறகு, தலை நிமிராமலே:
"ராத்திரி கால்மணிக்கு ஒருதரம் வந்து பார்க்கணுமாம்.
வென்டல்தான் வருவார்.
சரியான நேரத்துக்கு வரமாட்டார்.
ஆனா வருவார்."

இரண்டாம் நாள், தாள்கள்.
மூன்று மாத இரவுகள், ஒரு பெட்டி நிறைய.
1:00 தூக்கம். 1:15 தூக்கம். 1:30 தூக்கம்.
ஒரே மை, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் போட்ட கோலம் போல.
ஒரு நிமிடம் பிசகவில்லை எவருக்கும்,
ஒருவரைத் தவிர.

வென்டல் கோஸ்கெலாவின் தாளில் காபிக் கறை.
1:52 தூக்கம்.
2:04 விழித்திருக்கிறார், தண்ணீர் கேட்டார்.
2:11 அழுகை. உட்கார்ந்தேன்.
2:28 தூக்கம்.

பதினொன்றுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே
பதினேழு.
விதி பதினைந்து.
அந்தப் பதினேழில் மற்ற பதினோரு அறைகளை
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இது சின்ன விஷயம் என்று சொல்ல
எனக்கு வாய் வராது.
வேறொரு ஊரில், வேறொரு இரவில்,
என் கையெழுத்துள்ள தாளில்
இப்படியொரு இடைவெளி இருந்தது.
யாரோடும் உட்கார்ந்திருக்கவில்லை நான்.
அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

தர மேலாளர் லோர்னா டிவெய்ட்
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:
"அந்த ஒரு தாளை மட்டும்…"
கூடாது என்றேன்.
"தெரியும்," என்றார். "கேட்டுப் பார்த்தேன்."
ஜன்னலுக்கு வெளியே
உப்பு தூவும் லாரி மெல்ல ஊர்ந்தது.

குழு வந்தால் வென்டல் மாட்டுவார்.
அந்த அழகான தாள்கள் தப்பிவிடும்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்;
சோதனைக்கு உதவும்,
நன்றாகவே உதவும்.

அறிக்கையில் முதலில் எழுதினேன்:
இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும்.
ஒருவர் உட்கார,
ஒருவர் நடக்க.
லோர்னா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்,
பட்ஜெட் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.
இரண்டாவதாக எழுதினேன்:
பிசகில்லாத தாள்களை நம்பாதீர்கள்.
மூன்றாவது வரிக்கு
வென்டலின் பெயர் வரவேண்டும்.
பேனாவை மூடி வைத்தேன்.

கூடத்துக்குப் போய்
மார்கரீட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன்.
பதினேழு நிமிடம் எவ்வளவு நீளம் என்று பார்க்க
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
அவள் பேசவில்லை. நானும்.
வானத்தில் இரண்டு துண்டு பொருந்தியது.
ஒரு துண்டு பொருந்தியது போல் இருந்து
பொருந்தவில்லை.
யாரோ தாழ்வாரத்தில் நடந்து போனார்கள்,
நின்றார்கள், நடந்தார்கள்.

நிமிர்ந்தபோது
இருபத்து மூன்று ஆகியிருந்தது.

பேனாவைத் திறந்தேன்.
பெயரை எழுதினேன்.
பக்கத்தில், படிவத்தில் இடமில்லாத இடத்தில்,
ஓரமாக, பொடி எழுத்தில்:
உட்கார்ந்தார்.